வேதமென்று வந்த நூல்

பொய்யொன்று வெளிப்பட்டால், அதைச் சொன்னவனையே உலகம் தேடுகின்றது. அவன் யார், எதன்பொருட்டுச் சொன்னான் என்று விசாரிக்கின்றது. கேட்டவர்கள் அதை ஏன் நம்பினார்கள் என்ற கேள்வியோ பெரும்பாலும் எழுவதில்லை. ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய்து வைக்கலாம் என்பது தமிழ் வழக்கு. அந்த ஆயிரம் பொய்யும் பலிப்பதற்குக் காரணம் தரகனின் நாவன்மை மட்டுமன்று. கலியாணம் நடக்கவேண்டும் என்று வீட்டார் முன்னரே விரும்பிவிட்டார்கள் என்பதும் ஒரு காரணமாகும். கல்வியிற் சிறந்தோரும் இவ்விதிக்கு விலக்கானவர் அல்லர் என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைக் கவர்ந்த ஒரு நூலின் வரலாறு காட்டுகின்றது.

1760ஆம் ஆண்டில், இந்தியாவிற் பணியாற்றித் தாயகம் திரும்பிய மோடாவ் என்னும் பிரஞ்சுப் பிரபு, ஒரு கையெழுத்துப் பிரதியைப் பேரறிஞர் வோல்தேயரிடம் கொடுத்தார். பிரஞ்சு மொழியில் அமைந்திருந்த அந்நூலுக்கு ‘எசூர் வேதம்’ என்று பெயர். அது வேதத்தின் பழைய விளக்கம் என்றும், திருவரங்கத் தீவின் தலைமைக் குருக்கள் ஒருவர் அதனைப் பிரஞ்சிலே பெயர்த்தார் என்றும் வோல்தேயர் கருதினார். மாவீரன் அலெக்சாந்தர் இந்தியாமீது படையெடுத்த காலத்துக்கும் முற்பட்டது அந்நூல் என்று எழுதினார். 1761இல் அப்பிரதியைப் பாரிசிலுள்ள அரச நூல்நிலையத்துக்கு அளித்ததோடு, தம் நூல்களிலும் அதனைப் பலவாறு போற்றினார்.

வோல்தேயர் எளிதில் ஏமாறுபவர் அல்லர். குருமார் பரப்பிய கட்டுக்கதைகளைத் தோலுரித்துக் காட்டுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். பழஞ்சாசனங்களையும் அற்புதக் கதைகளையும் ஐயுற்று வினாவியவர். அத்தகையவர் இந்த நூலின்முன் மட்டும் வினாவை மறந்தது எவ்வாறு? விடை நூலின் உள்ளடக்கத்திலேயே இருக்கின்றது.

எசூர் வேதம் சுமந்து முனிவருக்கும் வியாசருக்கும் இடையே நிகழும் சம்பாஷணையாக அமைந்தது. பல தெய்வ வணக்கத்தையும் புராணக் கதைகளையும் வியாசர் எடுத்துரைக்க, சுமந்து அவற்றை மறுத்து, உருவமற்ற ஒரே கடவுளை வணங்குமாறு போதிக்கின்றார். யூத நாட்டிலே வேதாகமம் தோன்றுமுன்னரே கீழ்நாட்டில் தூய ஒரு தெய்வக் கொள்கை நிலவியது என்று நிறுவ விரும்பியவர் வோல்தேயர். திருச்சபையின் உரிமையை அசைப்பதற்கு அவருக்கு வேண்டியிருந்த சான்று அதுவே. வேண்டியிருந்த சான்று கைக்கு வந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்று அவர் ஆராயவில்லை.

உண்மையில், அந்நூலின் பொய்ம்மையை உணர்த்தும் குறிகள் வெளிப்படையாகவே கிடந்தன. வேதங்களை நான்காக வகுத்தவர் வியாசர் என்பது இந்துக்களின் மரபு. அவரையே அறியாமையுடையவராக நிறுத்தி இடித்துரைக்கும் ஒரு வேதம் இருக்க முடியுமா? கோயில் மண்டபத்திற் புராணபடனம் கேட்டு வளர்ந்த எந்தக் கிராமவாசியும் இதைக் கேட்டிருப்பார். ஆனால் அவரிடம் நூலைக் காட்டுவார் யாருமில்லை. 1730களில் கால்மெத் என்னும் பாதிரியார் இந்தியாவிலே தேடிப்பெற்று அனுப்பிய உண்மை வேதங்களின் பிரதிகளோ, படிப்பார் யாருமின்றிப் பாரிசில் உறங்கிக்கிடந்தன. மெய்ந்நூல் பெட்டியில் இருக்க, பொய்ந்நூல் உலா வந்தது.

வோல்தேயர் மறைந்த 1778ஆம் ஆண்டிலேயே எசூர் வேதம் சுவிட்சர்லாந்தில் அச்சேறியது. அடுத்த ஆண்டு ஜெர்மானிய மொழியிலும் வெளிவந்தது. ஐயக்குரல் எழுப்பியவர்களுள் ஒருவர், இந்தியாவிற் பல்லாண்டு பயணஞ்செய்த சோனராத். 1782இல் தாம் வெளியிட்ட பயண நூலில், இது நான்கு வேதங்களுள் ஒன்றன்று, மசூலிப்பட்டினத்தில் ஒரு பாதிரியார் எழுதிய சமயவாத நூலே என்று அவர் எச்சரித்தார். 1805இல் கோல்புறூக் என்னும் ஆங்கில அறிஞர் உண்மை வேதங்களைப் பற்றி விரிவாக எழுதியபின், ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி பிறந்தது.

சிக்கலை அவிழ்க்க முன்வந்தவர் தமிழுலகம் நன்கறிந்த எல்லிஸ் துரை. சென்னையிலே கோட்டைக் கல்லூரியை அமைத்தவர்; திருக்குறளை மொழிபெயர்த்து உரை வரைந்தவர்; தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816இலேயே எடுத்துக்காட்டியவர். புதுச்சேரியிற் கத்தோலிக்கப் பாதிரிமாரிடம் இருந்த கையெழுத்துப் பிரதிகளை அவர் ஆராய்ந்தார். எசூர் வேதமும் அதுபோன்ற வேறு ‘வேதங்களும்’ அங்கே இருந்தன. சிலவற்றில் வடமொழிப் பகுதிகள் உரோம எழுத்தில் வரையப்பட்டிருந்தன. அவற்றின் உச்சரிப்போ வங்காளத்தாரின் உச்சரிப்பை ஒத்திருந்தது. வியாசர் என்ற பெயர் அந்நூலிற் ‘பியாச்’ என்று திரிந்து நிற்பது இதனாலேயாகும். இவை அண்மைக்காலப் போலிகள் என்பதில் எல்லிசுக்கு ஐயமிருக்கவில்லை. 1819இல் அவர் இராமநாதபுரத்திற் காலமானார். அவருடைய கட்டுரை 1822இல் வெளிவந்தது.

பொய்யைக் கண்டுபிடித்த இதே கட்டுரை இன்னொரு பொய்க்கும் வாயிலாயிற்று. இந்நூல்களை இயற்றியவர் தத்துவபோதகர் எனப்பட்ட றொபேர்ட் டி நொபிலி என்று புதுச்சேரியிற் சொல்லப்பட்டதை எல்லிஸ் ஏற்றுக்கொண்டார். 1606இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்து, தமிழும் வடமொழியும் கற்றுத் தமிழிலே உரைநடை நூல்கள் இயற்றிய இத்தாலியர் டி நொபிலி. முதுமையிற் சில காலம் யாழ்ப்பாணத்திலும் தங்கி, 1656இல் மயிலாப்பூரிற் காலமானார். துறவிக்கோலம் பூண்டு சமயம் பரப்பியவர், வேதத்தையும் புனைந்திருப்பார் என்று நம்புவது எளிதாக இருந்தது. அவருக்கு அந்நூலோடு தொடர்புண்டு என்பதற்குச் சான்றில்லை என்று மாக்ஸ் முல்லர் 1861இலேயே கூறினார். ஆயினும் பழி நீங்கவில்லை. 1984இல் லூடோ றோஷர் என்னும் அறிஞர், இந்நூல் 18ஆம் நூற்றாண்டிற் பிரஞ்சுப் பாதிரிமாரிடையே, முதலிற் பிரஞ்சு மொழியிலேயே எழுந்தது என்று விரிவாக நிறுவினார். டி நொபிலி இறந்து நெடுங்காலத்தின்பின் எழுதப்பட்ட நூலின் பொருட்டு, அவருடைய பெயர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மாசு சுமந்தது.

அந்தப் பாதிரியார்தாம் ஐரோப்பாவை ஏமாற்றக் கருதினாரா? அவ்வாறு கொள்ளவேண்டிய அவசியம் இல்லை. சிலை வணக்கத்தைக் கைவிடச் செய்வதற்காக இந்நாட்டு முனிவர் வாயிலாகவே தம் கொள்கையைச் சொல்லவைத்தார் எனலாம். ‘வேதம்’ என்ற சொல்லும் கருதத்தக்கது. தமிழ்க் கிறித்தவர் தம் மறையை வேதம் என்றே வழங்கினர். யாழ்ப்பாணத்து ஊர்களிற் கிறித்தவரை வேதக்காரர் என்று அழைக்கும் வழக்கும் உண்டு. அப்பொருளிலே இடப்பட்ட பெயரை, கடல்கடந்த தேசத்தார் இருக்கு, யசுர், சாமம், அதர்வணம் என்ற நான்கினோடு சேர்த்து எண்ணியிருக்கவும் கூடும்.

ஆகவே இந்தப் பெரும்பொய்யிற் குற்றவாளி என்று ஒருவரை நிறுத்துவது எளிதன்று. ஒருவர் எழுதினார், ஒருவர் படியெடுத்தார், ஒருவர் கப்பலிற் கொண்டுசென்றார், ஒருவர் அதற்குத் தொன்மை கற்பித்தார், நூல்நிலையம் ஏற்றுக்கொண்டது, அச்சகம் பரப்பியது. ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவர் விசாரித்திருப்பார் என்று எண்ணியே அடுத்தவர் கையிற் கொடுத்தனர். அயலாரைப் பற்றிய அவதூறும், சங்கக்கடையிற் பிறக்கும் வதந்தியும் ஊரைச் சுற்றிவருவது இவ்வாறே.

தீர விசாரிப்பதே மெய் என்று பெரியோர் சொன்னார்கள். ஏற்க மனமில்லாத செய்தியை விசாரிப்பது அரிதன்று. அதனை மனமே தூண்டும். கேட்டவுடன் நெஞ்சுக்கு இனிக்கும் செய்தியை, தம் கட்சிக்குத் துணைசெய்யும் செய்தியை, முன்னரே வெறுத்தவர்மேற் பழிசுமத்தும் செய்தியை விசாரிப்பதுதான் அரிது. வோல்தேயர் தவறியதும் எல்லிஸ் தவறியதும் அவ்விடத்திலேயே. வோல்தேயரின் தவறு ஒரு நூலுக்குப் பொய்ப்புகழ் தந்தது. எல்லிசின் தவறோ, மறுமொழி கூற இயலாத ஒரு மனிதரைப் பொய்யர் ஆக்கியது.