ஓசூர்ப் பையனின் ஸ்பிரிங் கணக்கும் பெங்களூரின் பழைய கம்ப்யூட்டரும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பையன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. "ரெண்டு அரியர் சார். ராத்திரி பூரா லேப்டாப்ல என்னமோ பண்ணிட்டிருக்கான். நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்க" என்றாள். திட்டத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். இருந்தாலும், அந்த "என்னமோ" என்னவென்று காட்டச் சொன்னேன்.

சிப்காட் ரோட்டு வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒரு பைக். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர் எல்லாவற்றையும் சமன்பாடாக எழுதி, சீட்டில் இருப்பவர் எவ்வளவு குலுங்குவார் என்று கணக்குப் போடுகிறான். முதலில் ஆய்லர் முறையில் 0.05 விநாடிக்கு ஒரு படி என்று வைத்தானாம். சக்கரம் வானத்துக்குப் பறந்துவிட்டது! 0.001 வைத்ததும் அடங்கியது. "ஏன் சார் பறக்குது?" என்று என்னையே கேட்டான். டயர் அதிரும் வேகத்துக்கு அந்தப் படி மிகப் பெரியது. ஒவ்வொரு படியிலும் பிழை பெருகும். பிறகு ரங்கே-குட்டா முறைக்கு மாறியிருக்கிறான். யாரும் கேட்காத வேலை, மார்க்கும் கிடையாது.

அவனுக்கு அன்று ஒரு ஆளைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

வைத்தீஸ்வரன் ராஜாராமன். 1933இல் ஈரோட்டில் பிறந்தவர், படித்தது டெல்லியில். 1950களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் (நம் பக்கத்துப் பெரியவர்கள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்பார்கள்) மின் தகவல் தொடர்புப் பொறியியல் சேர்ந்தார். இங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் நாற்பது கிலோமீட்டர்தான். நாட்டுக்கு முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1955இல்தான் வந்தது, அதுவும் கல்கத்தாவுக்கு. பெங்களூரில் இருந்தது அனலாக் கம்ப்யூட்டர். அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ரைடவுட் தொடங்கிவைத்த முயற்சி அது.

அதில் எண்ணே கிடையாது, எல்லாம் மின்னழுத்தம். தொட்டியில் தண்ணீர் சேர்வதுபோல கெபாசிட்டரில் மின்னூட்டம் சேரும். தொகையீடு என்று உங்களுக்கு நான் கரும்பலகையில் நடத்தினேனே, அதேதான். முடுக்கத்தைக் குறிக்கும் மின்னழுத்தத்தை ஒரு முறை தொகுத்தால் திசைவேகம், இன்னொரு முறை தொகுத்தால் இடப்பெயர்ச்சி. அதைத் திரும்பத் தொடக்கத்துக்கே இணைத்துவிட்டால் ஸ்பிரிங் ஆடுவது திரையில் கோடாக ஓடும். படி வைத்துப் போவதே இல்லை என்பதால் இந்தப் பையனுக்கு வந்த தொல்லை அங்கே வராது. ஆனால் பாகங்களின் துல்லியம் எவ்வளவோ அவ்வளவுதான் விடையும்.

கூட்டுவதும் தொகுப்பதும் அதற்கு எளிது. மாறிக்கொண்டே இருக்கும் இரண்டு மின்னழுத்தங்களைப் பெருக்குவதுதான் பெரும்பாடு. (அ+ஆ)² இலிருந்து (அ-ஆ)² ஐக் கழித்தால் 4அஆ. ஒன்பதாம் வகுப்பில் "இது எதுக்கு சார்?" என்று கேட்டீர்களே, அனலாக் பெருக்கிகள் சில இதே சூத்திரத்தில்தான் ஓடின.

ராஜாராமன் 1955இல் டிப்ளமோ வாங்கினார். வாங்கியதும் வேலை தேடிப் போகவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய, நேர்கோட்டில் அடங்காத கணக்குகளைச் செய்யும் பகுதிகளைத் தானே வடிவமைத்துச் செய்தார். அதைக்கொண்டு பொறியியல் கணக்குகளையும் போட்டார். 1957 வரை இதே வேலை. அன்றைக்கு இந்தியாவில் கம்ப்யூட்டர் என்று ஒரு பட்டப்படிப்பே இல்லை. எந்த வீட்டிலும் "இது சோறு போடுமா?" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

பிறகு எம்ஐடி, விஸ்கான்சினில் முனைவர் பட்டம், கான்பூர் ஐஐடி. 1965இல் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுநிலைப் படிப்பு தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. எம்.சி.ஏ. படிப்பு வரக் காரணமான குழுவுக்குத் தலைவரும் அவரே. உங்களில் எத்தனை பேர் எம்.சி.ஏ. முடித்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளூரக் கூச்சம். டிவிஎஸ்ஸும் லேலண்டும் இங்கே வந்து சில வருடமே ஆன காலம், நாம் அப்போது தர்மபுரி மாவட்டம். வகுப்பில் டெஸ்குக்கு அடியில் டிரான்சிஸ்டர் வைத்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பையனிடமிருந்து அந்த போர்டைப் பிடுங்கிக்கொண்டேன். பொதுத்தேர்வு நெருங்குகிறது என்று திட்டினேன். திருப்பிக் கொடுக்கவே இல்லை. அது என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அவன் இதைப் படித்தால் தயவுசெய்து போன் பண்ணட்டும்.

இந்தப் பையனிடம் நவம்பரில் இரண்டு அரியரையும் முடிக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அதில் ஒன்று கணக்கு! செவ்வாய், வெள்ளி மாலை என்னிடம் வருவான். லேப்டாப்பைப் பிடுங்க வேண்டாம் என்று அவன் அம்மாவிடமும் சொன்னேன். அரை மனதோடு தலையாட்டினாள்.

ஒரு உதவி வேண்டும். அவன் கணக்கு சரிதானா என்று நிஜ வண்டியில் அளந்து பார்க்க வேண்டும். வண்டிக் கம்பெனிகளில் சஸ்பென்ஷன் பிரிவில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வேகத்தடை நம் தெருமுனையிலேயே இருக்கிறது.