இத்தாலியவியல்

இத்தாலியவியல் என்பது இத்தாலிய மொழி, இலக்கியம், பண்பாடு ஆகியவற்றைப் பல்கலைக்கழக அளவில் கற்கவும் ஆராயவும் அமைந்த கல்வித்துறை ஆகும். மொழியியல், மூலபாட ஆய்வு, இலக்கிய வரலாறு, கலை வரலாறு, இசைநாடகம், திரைப்படம் முதலியன இதனுள் அடங்குகின்றன. இத்தாலியில் இது "லெத்தெரே" எனப்படும் இலக்கியப் பட்டப்படிப்பின் மையப் பகுதியாக உள்ளது. பிற நாடுகளில் தனித்துறையாகவோ, பிரெஞ்சு, எசுப்பானியம் ஆகியவற்றுடன் சேர்ந்து உரோமானிய மொழிகள் துறையின் ஒரு பிரிவாகவோ அமைகிறது.

மொழியை ஓரிடத்திலும் இலக்கியத்தை வேறோரிடத்திலும் கற்பிப்பது எந்த மொழிக்கும் இயலக்கூடியதே. ஆயினும் இத்தாலிய மொழியைப் பொறுத்தவரை அவ்வாறு பிரிப்பது மிகவும் கடினம். இன்றைய பொது இத்தாலிய மொழி, மக்களின் பேச்சிலிருந்து நூலுக்கு ஏறியதைவிட நூலிலிருந்து பேச்சுக்கு இறங்கியதே மிகுதி.

நூல்வழி வந்த மொழி

தாந்தே அலிகியேரி (1265–1321), பெட்ரார்க் (1304–1374), பொக்காச்சியோ (1313–1375) ஆகிய மூவரும் தசுக்கானிப் பகுதியின் புளோரன்ஸ் நகரப் பேச்சை அடிப்படையாகக் கொண்டு எழுதினர். அக்காலத்தில் இத்தாலி என்பது ஓர் அரசு அன்று. வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ், சிசிலி என ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் தனித்தனிப் பேச்சுகள் இருந்தன. இவை இத்தாலிய மொழியின் சிதைவுகள் எனப் பலர் கருதுவதுண்டு, அது சரியன்று. இவை இலத்தீனிலிருந்து தசுக்கானியத்துடன் உடன்பிறந்தவை.

எழுதுவதற்கு எந்தப் பேச்சைக் கொள்வது என்ற வினா பல நூற்றாண்டுகள் நீடித்தது. இது "மொழிச் சிக்கல்" என்று அழைக்கப்படுகிறது. தாந்தேயே இதுபற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார். நாட்டு மொழியின் பெருமையைப் பேசும் அந்நூலை அவர் இலத்தீனில் எழுதியது குறிப்பிடத்தக்கது. 1525இல் வெனிசைச் சேர்ந்த பியேத்ரோ பெம்போ, செய்யுளுக்குப் பெட்ரார்க்கையும் உரைநடைக்குப் பொக்காச்சியோவையும் முன்மாதிரியாகக் கொள்ளவேண்டும் என்று வாதிட்டார். அதாவது, தம் காலத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முற்பட்டதும், தாம் பிறந்த ஊரில் எவரும் பேசாததுமான ஒரு மொழியை அவர் பரிந்துரைத்தார். அக்கருத்தே வென்றது. 1583இல் புளோரன்சில் நிறுவப்பட்ட குருஸ்கா கழகம் 1612இல் வெளியிட்ட அகராதியும் பெரும்பாலும் இந்நெறியையே பின்பற்றியது.

19ஆம் நூற்றாண்டில் இச்சிக்கல் மீண்டும் எழுந்தது. மிலான் நகரத்தவரான அலெசாந்திரோ மன்சோனி தம் புகழ்பெற்ற புதினத்தை 1827இல் வெளியிட்டார். பின்னர் புளோரன்சின் படித்த மக்கள் பேசிய வழக்குக்கு ஏற்ப அதனை முழுவதும் திருத்தி 1840–42இல் மறுபடியும் வெளியிட்டார். இரு பதிப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிடுவது இன்றும் மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று.

1861இல் இத்தாலி ஒரே அரசானபோது மக்களுள் எத்தனை பேர் இத்தாலிய மொழி அறிந்திருந்தனர்? மொழியியலாளர் துல்லியோ தே மவுரோ 1963இல் வெளியிட்ட நூலில் இதனை 2.5 விழுக்காடு எனக் கணித்தார். இக்கணிப்பு மிகக் குறைவு என்று கருதிய அரிகோ காஸ்தெல்லானி, பின்னர் ஏறத்தாழ 10 விழுக்காடு என மதிப்பிட்டார். எதனைக் கொண்டாலும், நாட்டின் மிகப் பெரும்பான்மையோர்க்கு நாட்டு மொழி பள்ளியில் கற்கவேண்டிய மொழியாகவே இருந்தது. கட்டாயக் கல்வி, படைச் சேவை, உள்நாட்டு இடப்பெயர்வு, 1954இல் தொடங்கிய தொலைக்காட்சி ஆகியவையே அதனைப் பேச்சுமொழியாக்கின.

இந்நிலை தமிழ் வாசகர்க்கு எளிதில் விளங்கும். கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதிய வீரமாமுனிவர், வட இத்தாலியின் லொம்பார்தியாவில் உள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்தவர். ஊர்ப்பேச்சு ஒன்று, நூல்மொழி மற்றொன்று என்ற நிலை அவருக்குப் புதிதாக இருந்திராது.

துறையின் தோற்றம்

நாட்டு மொழி நூல் ஒன்றுக்குப் பொது விரிவுரை நிகழ்த்தும் வழக்கம் புளோரன்சில் தொடங்கியது. குடிமக்கள் சிலரின் வேண்டுகோளை ஏற்று, நகர ஆட்சி தாந்தேயின் பெருங்காப்பியத்தை விளக்க முதிய பொக்காச்சியோவை அமர்த்தியது. 1373 அக்டோபரில் அவர் ஒரு தேவாலயத்தில் விரிவுரையைத் தொடங்கினார். உடல்நலம் குன்றியமையால் நரகப் பகுதியின் 17ஆம் காண்டத்துடன் அது நின்றுவிட்டது. தாந்தேயை நாடு கடத்திய அதே நகரம், அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின் அவர் நூலுக்கு உரை சொல்லப் பணம் கொடுத்தது.

பல்கலைக்கழகத்தில் இம்மொழிக்கெனத் தனி இருக்கை ஏற்பட்டது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், சியெனா நகரில் ஆகும். அங்குக் கற்க வந்த செருமானிய மாணவர்களின் தேவைக்காகவே அது நிறுவப்பட்டது. தியோமேதே போர்கேசி அதன் முதல் ஆசிரியர். ஆக, அயலவருக்குக் கற்பிப்பது இத்துறைக்குப் பின்னர் வந்த கிளை அன்று, தொடக்கத்திலேயே இருந்தது.

நாடு கடந்தோரின் பங்கு

இத்தாலிக்கு வெளியே இத்துறையை நட்டவர்கள் பெரும்பாலும் அரசியல் காரணங்களாலோ கடனாலோ நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் ஆவர்.

மொசார்ட்டின் மூன்று இசைநாடகங்களுக்குப் பாடல் எழுதிய லொரென்சோ தா போந்தே (1749–1838) அவர்களுள் ஒருவர். யூதராகப் பிறந்து, கிறித்தவராகிக் குருவாகத் திருநிலை பெற்று, வெனிசிலிருந்து வெளியேற்றப்பட்டு, வியன்னாவிலும் இலண்டனிலும் வாழ்ந்த அவர், 1805இல் அமெரிக்கா சென்றார். மளிகைக் கடை நடத்தினார். தனிவகுப்பில் மொழி கற்பித்தார். 1825இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் முதல் இத்தாலியப் பேராசிரியரானார். அப்பதவிக்குச் சம்பளம் இல்லை. மாணவர் தரும் கட்டணமே வருவாய். மாணவரோ மிகச் சிலர். அவர் கொண்டுவந்து சேர்த்த நூல்களே அங்கு இத்தாலிய நூல் தொகுப்புக்குத் தொடக்கமாயின.

மோதேனா அரசுக்கு எதிரான கமுக்க அமைப்பில் ஈடுபட்டதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட அந்தோனியோ பனிச்சி, இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று, 1828இல் புதிதாகத் தொடங்கப்பட்ட இலண்டன் பல்கலைக்கழகத்தில் முதல் இத்தாலியப் பேராசிரியரானார். அவருக்கும் மாணவர் போதவில்லை. 1831இல் பிரித்தானிய அருங்காட்சியக நூலகப் பணிக்கு மாறி, 1856இல் அதன் தலைமைப் பதவியை அடைந்தார். 1831இலேயே இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் நேப்பிள்ஸ் அரசிலிருந்து தப்பிய கபிரியேலே ரொசெட்டி பேராசிரியரானார். கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டி இவருடைய மகள்.

அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கவிஞர் லாங்ஃபெலோ, தாந்தேயின் காப்பியம் முழுவதையும் மொழிபெயர்த்து 1867இல் வெளியிட்டார். 1881இல் நிறுவப்பட்ட அமெரிக்கத் தாந்தே கழகத்தின் முதல் தலைவரும் இவரே. இங்கிலாந்தில் முதல் உலகப் போரின் இறுதியில் ஆர்தர் செரீனா வழங்கிய நிதியால் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ச் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் இருக்கைகள் அமைந்தன.

இலக்கிய வரலாறு எழுதும் முறை

நேப்பிள்ஸ் அரசால் சிறையிடப்பட்டுப் பின் சூரிக் நகரின் தொழினுட்பக் கல்லூரியில் 1856 முதல் 1860 வரை கற்பித்த பிரான்செஸ்கோ தே சாங்திஸ், ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் கல்வி அமைச்சர்களுள் ஒருவர். 1870–71இல் வெளிவந்த அவருடைய இலக்கிய வரலாறு, பல நூற்றாண்டு எழுத்துகளை ஒரு நாட்டினத்தின் எழுச்சி, வீழ்ச்சி, மறுமலர்ச்சி என ஒரே கதையாகக் கோத்தது. பொலோனியாவில் 1860 முதல் 1904 வரை பேராசிரியராக இருந்த கவிஞர் ஜொசுவே கார்துச்சி (நோபல் பரிசு, 1906), இதற்கு மாறாக ஆவணம், சுவடி, பாடபேதம் ஆகியவற்றை வலியுறுத்தினார்.

தே சாங்திசின் கோட்டை வலுவாகக் கேள்விக்குட்படுத்தியவர் இலண்டன் பெட்ஃபோர்டு கல்லூரியில் கற்பித்த கார்லோ தியோனிசோத்தி ஆவார். 1967இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு, இத்தாலிய இலக்கியத்துக்கு வரலாறு மட்டும் போதாது, நிலவியலும் வேண்டும் என்றது. ஒரே நேர்கோடு இல்லை. வெனிசுக்கு ஒன்று, நேப்பிள்சுக்கு ஒன்று எனப் பல கோடுகள் உண்டு என்பது அவர் கருத்து. இன்று எழுதப்படும் பாடநூல்கள் பெரும்பாலும் இவர் பக்கமே சாய்கின்றன.

மூலபாட ஆய்வு

இத்துறையின் மிகக் கடுமையான பகுதி இதுவே. தாந்தே தம் கையால் எழுதிய ஒரு வரிகூட இதுவரை கிடைக்கவில்லை. அவருடைய காப்பியத்துக்கு ஏறத்தாழ 800 கையெழுத்துப் படிகள் உள்ளன; எந்த இரண்டும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. படியெடுப்போர் செய்த பிழைகளே இங்கு ஆய்வாளருக்குத் துணை. தற்செயலாக இருவர் செய்திருக்க முடியாத ஒரே பிழை இரு படிகளில் காணப்பட்டால், அவை ஒரு மூலத்திலிருந்து வந்தவை எனக் கொள்ளலாம். இவ்வாறு படிகளின் வழிமரம் வரையப்படும். சோர்சோ பெத்ரோக்கி 1966–67இல் வெளியிட்ட பதிப்பு, 1355க்கு முற்பட்ட படிகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. பலரும் மேற்கோள் காட்டும் பதிப்பு அதுவே எனினும், அதற்குப் பின்னும் மாற்றுப் பதிப்புகள் வந்துள்ளன.

மற்ற இருவர் நிலை வேறு. 366 கவிதைகள் கொண்ட பெட்ரார்க்கின் தொகுப்பு, ஒரு பகுதி அவர் கையெழுத்திலேயே வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. பெர்லினில் உள்ள ஒரு சுவடி பொக்காச்சியோ தம் நூறு கதைகளைத் தாமே எழுதிய படி என்பது 1962இல் நிறுவப்பட்டது. இவற்றில் ஆசிரியர் அடித்துத் திருத்திய இடங்களைக் காணலாம். அத்திருத்தங்களையே இலக்கியத் திறனாய்வுக்கு அடிப்படையாக்கும் முறையைச் சன்பிராங்கோ கொந்தினி வளர்த்தெடுத்தார்.

மொழிப் பயிற்சி

இத்தாலிக்கு வெளியே பல மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே இம்மொழியைத் தொடங்குகின்றனர். இதனால் முதலாண்டில் பயிற்சி மிக விரைவாக நடைபெறும். ஆங்கிலம் பேசுவோர் பெரிதும் இடறும் இடங்களுள் ஒன்று இரட்டித்த மெய். "பாலா" என்பது மண்வாரி. "பல்லா" என்பது பந்து. "நோனோ" என்பது ஒன்பதாவது. "நொன்னோ" என்பது பாட்டன். தமிழ் அறிந்தவர்க்கு இது இடர் தராது.

இறந்தகாலம் கூறுவதில் வேறொரு சிக்கல் உண்டு. வடபகுதியில் பேச்சில் கூட்டு வினைவடிவமே வழங்குகிறது. புதினங்களிலோ தனி வினைவடிவம் ஆட்சி செய்கிறது. எனவே பேசமட்டும் பயின்றவர் ஒரு சிறுகதையின் முதல் பத்தியிலேயே நின்றுவிடுவார். மறுபுறம், தாந்தேயை முதன்முறை படிப்போர் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகப் புரிகிறது என்று வியப்பதுண்டு. இன்றைய அன்றாட அடிப்படைச் சொற்களுள் பெரும்பகுதி அக்காப்பியத்திலேயே உள்ளது என்பதே காரணம். இதனாலேயே பல பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டிலேயே நரகப் பகுதியின் காண்டங்கள் பாடமாக வைக்கப்படுகின்றன. நூறு காண்டங்களும் 14,233 அடிகளும் கொண்ட நூல் முழுவதையும் பட்டப்படிப்புக்குள் முடிப்போர் குறைவு.

20ஆம் நூற்றாண்டுப் பாடங்களில் பிராந்தெல்லோ, மொந்தாலே, பிரீமோ லேவி, எல்சா மொராந்தே, நத்தாலியா கின்ஸ்பர்க், கால்வினோ ஆகியோர் வழக்கமாக இடம்பெறுவர். 1926இல் நோபல் பரிசு பெற்ற கிராசியா தெலெத்தா நெடுங்காலம் பாடத்திட்டங்களில் ஓரமாகவே வைக்கப்பட்டிருந்தார்.

இத்தாலியப் பல்கலைக்கழகங்களில்

1999ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி மூன்றாண்டு முதற்பட்டமும் ஈராண்டு உயர்பட்டமும் வழங்கப்படுகின்றன. முதலாவதற்கு 180, இரண்டாவதற்கு 120 அலகுகள். ஓர் அலகு என்பது 25 மணிநேர உழைப்பு. தேர்வுகள் பல வாய்மொழியாக நடைபெறும். மதிப்பெண் 30க்கு வழங்கப்படும். 18 பெற்றால் தேர்ச்சி. இறுதிப் பட்ட மதிப்பெண் 110க்குக் கணிக்கப்படும். எழுத்துத் தேர்வுக்குப் பழகிய அயல்நாட்டு மாணவர்க்கு, பேராசிரியர் முன் அமர்ந்து ஒரு செய்யுளைப் படித்து அங்கேயே விளக்கவேண்டிய இம்முறை அச்சம் தருவது இயல்பே.

அயலவர்க்கெனவே பெருச்சியா, சியெனா ஆகிய இரு நகரங்களிலும் அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. பெருச்சியாவில் 1921இலும் சியெனாவில் 1917இலும் வகுப்புகள் தொடங்கின. இவையும், 1889இல் கார்துச்சி உள்ளிட்டோர் நிறுவிய தாந்தே அலிகியேரி சங்கமும் மொழித்திறன் சான்றிதழ்கள் வழங்குகின்றன.

இன்றைய நிலை

அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தாலிய மொழி கற்போர் எண்ணிக்கை 2009இல் 80,000ஐத் தாண்டியது. 2016இல் ஏறத்தாழ 57,000ஆகக் குறைந்தது. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளுக்கான மேல்நிலை இத்தாலியத் தேர்வு 2009க்குப் பின் நிறுத்தப்பட்டு, நிதி திரட்டப்பட்ட பின் 2012இல் மீண்டும் நடத்தப்பட்டது. மாணவர் குறையும் இடங்களில் தனித்துறைகள் பெருந்துறைகளுடன் இணைக்கப்படுகின்றன. சில இடங்களில் மொழி வகுப்புகள் மொழி மையங்களுக்கு மாற்றப்பட, இலக்கியம் மொழிபெயர்ப்பில் மட்டும் கற்பிக்கப்படுகிறது. செலவு குறையலாம், ஆனால் மேலே கூறிய மூலபாடப் பயிற்சிக்கு அங்கு இடமில்லை. பனிச்சியின் காலத்திலிருந்தே மாணவர் தொகை இத்துறையின் தீராத கவலையாக இருந்து வருகிறது.

மறுபுறம், புதிய எழுத்தாளர்கள் வெளியிலிருந்து வருகின்றனர். வங்காளப் பெற்றோர்க்குப் பிறந்து ஆங்கிலத்தில் புகழ்பெற்ற ஜும்பா லாகிரி, 2012இல் ரோம் நகரில் குடியேறி, 2015 முதல் இத்தாலிய மொழியிலேயே நூல்கள் எழுதி வெளியிட்டு வருகிறார். மறுமலர்ச்சிக் காலம் குறித்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். எலெனா ஃபெர்ரான்தே என்னும் புனைபெயரில் வெளிவந்த நேப்பிள்ஸ் புதினங்களும் பலரை இம்மொழியின்பால் ஈர்த்துள்ளன. அப்புதினங்களில் பாத்திரங்கள் எப்போது இத்தாலிய மொழியிலிருந்து ஊர்ப்பேச்சுக்கு மாறுகின்றன என்பது கதையின் முக்கிய இழை ஆகும்.

இந்தியாவில்

தில்லிப் பல்கலைக்கழகத்தின் செருமானிய, உரோமானிய ஆய்வுத் துறையில் இத்தாலிய மொழி கற்பிக்கப்படுகிறது. இத்தாலிய மொழிவழி நடைபெறும் பட்டப்படிப்புகளில் சேர விரும்பும் அயல்நாட்டு மாணவர்களிடம், ஐரோப்பியப் பொது அளவுகோலின் ஆறு நிலைகளுள் நான்காவதான இடைநிலை மேற்படியை எட்டிய மொழித்திறன் பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது.