உடைப்பதும் அரைப்பதும்

தானியத்தைப் பதப்படுத்தும் தொழிலுக்குத் தமிழில் வழங்கும் சொற்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். நெல்லைக் குத்துகிறோம், அவலை இடிக்கிறோம், பருப்பை உடைக்கிறோம், கேழ்வரகைத் திரிக்கிறோம், மிளகாயை அரைக்கிறோம், இட்டிலிக்கு மாவை ஆட்டுகிறோம், சுக்கை நுணுக்குகிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் கருவி வேறு, கையின் வேகம் வேறு, இறுதியில் கிடைக்கும் பதம் வேறு. பருப்பை அரைத்து வா என்றால், துவையலுக்கா என்று கேட்பாள் நம் வீட்டுப் பெண். உடைத்து வா என்றால் முறத்தையும் கையிலெடுத்துக்கொண்டு திரிகையண்டை போவாள். இந்த வேற்றுமையை அவளுக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை.

இதனை நாம் இங்கு எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் 2004-ம் ஆண்டில், வீட்டில் பீர் முதலிய புளித்த பானங்களைத் தம் சொந்த உபயோகத்துக்காகத் தயாரித்துக்கொள்ளச் சர்க்கார் அனுமதி வழங்கினர். வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும், ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படலாகாது, விற்கக் கூடாது, காய்ச்சி வடித்தல் ஆகாது என்பன அவ்வனுமதியின் நிபந்தனைகள். அன்று முதல் இத்தொழிலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் நகரிற் பெருகினர். நம்மவரும் அவருள் உண்டு. இவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, தானியத்தை உடைக்க எந்த எந்திரம் வாங்குவது என்பதே. குடியைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் இக்கேள்விக்குள் ஒரு பழைய வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. அதனை அறியாதவன் விலையுயர்ந்த எந்திரத்தை வாங்கியும் ஏமாறுவான்.

முதலில் தொழிலின் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம். பீருக்கு மூலப்பொருள் வாற்கோதுமை எனப்படும் பார்லி. அதனை நீரில் ஊறவைத்து, முளைக்கவிட்டு, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தித் திரித்துக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதே முறைதான். மால்டைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்துக் கொதிக்கவைத்து, ஆற்றிப் புளிக்கவைப்பது பிற்பட்ட வேலை.

இங்கே எந்திரத்தின் கடமை நுட்பமானது. மணியின் உட்பருப்பு மூன்று நான்கு துண்டாக நொறுங்க வேண்டும். வெளியுமியோ கிழியாமல் இருத்தல் வேண்டும். ஏனெனில் பாத்திரத்தின் அடியில் படியும் உமியே வடிகட்டி. மணியை மாவாக்கினால் அது கூழாகி, துளைகளை அடைத்து, நீர் இறங்காமல் நின்றுவிடும். உமி பொடியானால் துவர்ப்பும் ஏறும். மணி உடையாமலே போனால் சத்து இறங்காது, காசு வீண். ஆகவே இங்கு வேண்டுவது குருணைப் பதம். நைஸ் மாவு எவ்வளவு உயர்ந்ததாயினும் பயன்படாது.

இந்தப் பதம் நமக்குப் புதிதன்று. துவரையைச் செம்மண்ணில் கட்டி ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, திரிகையிலிட்டு இரண்டாகப் பிளந்து, தோலை முறத்தாற் புடைத்து நீக்குவது தமிழ்நாட்டு வீட்டுத் தொழில். சில ஜில்லாக்களில் திரிகைக்கே எந்திரம் என்று பெயர். பருப்பு பொடியாகாமல் தோல் மட்டும் கழல வேண்டுமென்றுதான் ஈரம் காட்டி உலர்த்தினார்கள். பீர்த் தொழிலாளரும் மால்டை உடைக்குமுன் அதன் நிறையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நீரைத் தெளிக்கும் வழக்கம் உண்டு. உமி தோல்போல் துவண்டு, கிழியாமல் தப்புகிறது. பாதுகாக்க வேண்டியது ஓரிடத்தில் பருப்பு, மற்றோரிடத்தில் உமி. அறிவு ஒன்றே.

முளைத்த தானியத்தினின்று மது சமைப்பதும் பண்டைத் தமிழர் அறிந்ததே. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தோப்பி என்னும் நெற்கள் வீட்டிலேயே சமைக்கப்பட்டதாகக் காண்கிறோம். அதே நூலில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில், அரிசிக் கூழை அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஆற்றி, நெல்முளை என்று உரை வழியே அறியப்படும் பொருளைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து விளையச்செய்து பிழியும் முறை வருகிறது. வீட்டில் மது சமைத்தல் மேனாட்டார் நமக்குக் கொண்டுவந்த புதுமை என்று எவரேனும் சொன்னால், அவர் தம் இலக்கியத்தைப் படிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இனி மேனாட்டு வரலாற்றைப் பார்ப்போம். நெடுங்காலம் அங்கும் இரண்டு கற்களே எந்திரம். அவற்றை மனிதனோ, குதிரையோ, நீரோ, காற்றோ சுற்றின. லண்டனில் விட்பிரெட் என்னும் பெரிய பீர்ச்சாலை 1785-ம் ஆண்டில், குதிரைகள் சுற்றிய சக்கரத்தை நீக்கிவிட்டு, போல்ட்டன்-வாட் கம்பெனியின் நீராவி எந்திரத்தை நிறுவியது. அந்த எந்திரம் செய்த வேலைகளுள் ஒன்று மால்டை நசுக்கும் உருளைகளைச் சுழற்றுவது. 1787-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அதனை நேரிற் சென்று கண்டார். நூறாண்டுக்கு மேல் உழைத்த அவ்வெந்திரம் 1887-ல் ஓய்வு பெற்றுக் கப்பலேறி, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர் அரும்பொருட்சாலையைச் சேர்ந்தது.

மாவு மில்களில் உருளைகள் பெருவாரியாகப் பரவியதோ ஏறக்குறைய நூறாண்டு கழித்துத்தான். ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் நகரில், கன்ஸ் ஆலையின் பொறியாளர் ஆந்திராஸ் மெக்வார்ட் 1874-ல் உறுதியான வார்ப்பிரும்பு உருளைகளை அமைத்தார். அமெரிக்காவில் மினியாப்போலிஸ் நகரில் 1878-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி, கல் எந்திரங்கள் ஓடிய வாஷ்பர்ன் மாவு மில்லில் காற்றில் மிதந்த மாவுத்தூசி தீப்பற்றி வெடித்து, 18 பேர் மாண்டனர். அதன் பின்னர் அங்கே கற்கள் விரைந்து மறைந்து உருளைகள் வந்தன. மாவுத்தூசியும் ஒருவகை வெடிமருந்தே என்பதை உலகம் அன்று கற்றது. அடுப்பு எரியும் சமையலறையில் எந்திரத்தை ஓட்டலாகாது என்று இன்று சொல்வதற்கும் அதுவே காரணம்.

நிற்க. சிங்கப்பூருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிராங்கூன் ரோடு மாடுகளின் ஊர். எருமை ரோடு, கெர்பாவ் ரோடு, மாட்டு வியாபாரி பெயரால் வந்த பெலிலியோஸ் ரோடு ஆகியவை இன்றும் அதற்குச் சாட்சி. மாடு இருந்த இடத்தில் கோதுமை அரைக்கும் கொட்டகைகளும் எள் ஆட்டும் செக்குகளும் எழுந்தன. மனிதனுக்கு மாவும் எண்ணெயும், மாட்டுக்குத் தவிடும் பிண்ணாக்கும் என்று ஒன்றையொன்று தாங்கி நின்ற தொழில்கள் அவை. மாடுகள் 1930-களில் நகருக்கு வெளியே போயின. மாவு மில் மட்டும் தங்கிற்று. கஃப் ரோட்டில் மல்லியும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்த சிறு கடையை அறியாத தமிழ்க் குடும்பம் நகரில் குறைவு. தகரத்தில் தானியத்தைக் கொண்டுபோய், முறைக்குக் காத்திருந்து, சூடான மாவை வாங்கித் துணியிலே பரப்பி ஆறவைத்தவர்கள் நம் தாய்மார்கள்.

அந்த மில் செய்த நன்மை சிறிதன்று. விடியுமுன் எழுந்து ஒருத்தி இரண்டு மணி நேரம் சுற்றிய கல்லை அது சில நிமிஷத்தில் முடித்தது. பெண்ணின் தோள்வலியைக் குறைத்த சீர்திருத்தக்காரர் வரிசையில் மாவு மில்லுக்கும் ஓரிடம் கொடுக்கலாம். எனினும் மால்டை அங்கே கொண்டுபோவது அறிவீனம். அந்த எந்திரம் நைஸாக அரைப்பதற்கென்றே ஏற்பட்டது, உமியைத் தூளாக்கிவிடும். முன் வந்தவர் அரைத்த மிளகாயின் காரம் வேறு கலந்துவிடும். வீட்டு மிக்ஸியும், கோயம்புத்தூர் வெட் கிரைண்டரும் இவ்விஷயத்தில் அதே குற்றமுடையனவே. நல்ல கருவிகள், ஆனால் இந்த வேலைக்குரியவை அல்ல.

பீர்த் தொழில் இங்கே வேறு வழியாக வந்தது. 1931-ல் பிரேசர் அண்டு நீவ் கம்பெனியும் ஹாலந்து தேசத்து ஹைனக்கனும் சேர்ந்து மலாயன் புரூவரீஸை நிறுவின. 1932-ல் அலெக்ஸாண்ட்ரா ரோட்டிலிருந்து டைகர் பீர் வெளிவந்தது. ஜெர்மானியர் தொடர்பில் எழுந்த ஆர்க்கிபெலகோ கம்பெனியை 1941-ல் மலாயன் புரூவரீஸே வாங்கிற்று. தானியம் ஆலைக்குள் உடைந்தது. புட்டி மட்டும் வெளியே வந்தது. உள்ளே நடப்பதைக் குடிப்பவன் கண்டதில்லை.

நம் தொழிலாளிக்கு அந்தப் புட்டியும் எட்டாத பொருள். அவனுக்கென்று வைத்தது கள்ளுக்கடை. ரப்பர்த் தோட்டங்களில் அக்கடை நிர்வாகத்தின் கண்காணிப்பிலேயே நடந்தது. காலையில் ஒரு கையால் கொடுத்த கூலி மாலையில் மறு கையால் திரும்பிப் போயிற்று. 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்ததும், போலீஸார் அவ்வியக்கத்தை அடக்கியதும் தோட்டத்து முதியோர் சொல்லிவந்த கதை. சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் 1970-களின் இறுதியில் மறைந்தன. தான் குடிப்பது எதனால் ஆயது, எத்தனை நாளையது, எவன் எதைக் கலந்தான் என்று அறியாமலே ஒரு தலைமுறை குடித்து அழிந்தது.

சட்டத்தின் போக்கையும் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் 1697 முதல் 1880 வரை மால்டுக்கே வரி இருந்தது. பின்னர் வீட்டில் பீர் தயாரிப்பவனுக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. அது 1963-ல் ஒழிந்தது. அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே வீட்டுப் பீருக்கு வழி திறந்தது. அப்போது அங்கே எந்திரம் ஏது? கொலம்பியா தேசத்தில் சோளம் அரைக்கச் செய்த கொரோனா என்னும் கைத்திரிகையை வாங்கி, தட்டுகளைச் சற்றே அகற்றிவைத்து மால்டை உடைத்தார்கள். ஏழையின் சோள எந்திரமே முதலில் கைகொடுத்தது. இரட்டை உருளை எந்திரங்கள் அதன் பின்னரே வீடுகளுக்கு வந்தன.

இவ்வளவும் அறிந்தபின் தேர்வு கடினமன்று. தட்டு எந்திரம் மலிவு; ஆனால் உமியைக் கிழிக்கும். மாதத்துக்கு ஒருமுறை செய்பவனுக்கு, தட்டுகளின் இடைவெளியைப் பொறுமையாகச் சரிசெய்தால் அது போதும். இரட்டை உருளை எந்திரம் மணியைப் பிடித்து நசுக்கி விட்டுவிடும், உமி தப்பும். உருளைகளின் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அதனைக் கூட்டவும் குறைக்கவும் வசதியில்லாத எந்திரத்தை வாங்கலாகாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் சாதாரண இரும்பு துருப்பிடிக்கும்; ஸ்டெயின்லெஸ் உருளை மேல். உடைத்த மால்ட் அந்த ஈரத்தை விரைவில் இழுத்துக் கெட்டுவிடுவதால், முழு மணியாக வாங்கி, அன்றன்றைக்கு உடைப்பதே சிக்கனம். சொந்த எந்திரம் வேண்டுமென்பதற்கு உண்மையான காரணமும் இதுவே. வடிகட்டல் நின்றுவிட்டால் ஒரு பிடி நெல்லுமியைச் சேர்ப்பது அத்தொழிலாளரின் கைமருந்து. நம் வீட்டு உமிக்கு எங்கெல்லாம் மதிப்பு என்று பாருங்கள்!

இனி, மோட்டாரா கைப்பிடியா என்ற கேள்வி. 20 லிட்டருக்கு நாலைந்து கிலோ மால்ட் போதும். 30 லிட்டர் என்ற வரம்புக்குள் ஏழெட்டுக் கிலோவுக்கு மேற்போகாது. அதற்கு மோட்டார் எதற்கு? அடுக்குமாடியில் அண்டைவீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கவா? கைப்பிடியே போதுமென்பது நம் கருத்து. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆயிரம் ஆண்டு திரிகையைச் சுற்றியவள் பெண். குருணை எது, மாவு எது, உமி எது என்று விரல்நுனியால் அறிந்தவள் அவள். அந்த அறிவைக் கைவேலை என்று இழிவாக எண்ணி, ஏட்டில் ஒரு வரியும் எழுதாமல் விட்டோம். இன்று அதே அறிவை அளவுகோலோடும் விலைப்பட்டியலோடும் பிறரிடம் கேட்டுப் பெறுகிறோம்.

ஆகையால் எந்திரம் வாங்கும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இரண்டே. கடைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள மூதாட்டியிடம், உளுந்து உடைத்த கதையைக் கேளுங்கள்; முதற்பிடி மால்டை உடைத்ததும் அவள் உள்ளங்கையில் வைத்துப் பதம் காட்டுங்கள். அதன்பின் கைப்பிடியை அவளிடமோ மனைவியிடமோ கொடுக்காமல், குடிக்க விரும்புகிறவரே சுற்றுங்கள். தோள் நோகும்போது, குடித்தது போதும் என்ற அளவும் தானே தெரியவரும்.