தற்செயல், எதேச்சை, விபத்து: சொற்பொருள் மாற்றமும் சமூகப் பொறுப்பும்

ஒருவரும் கருதாமல் நிகழ்வனவற்றை ஒரு மொழி எவ்வாறு பெயரிடுகின்றது என்பது வெறும் அகராதிப் பிரச்சினை அன்று. நேர்ந்த கேட்டுக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு ஒரு சமூகம் அளிக்கும் விடை அப்பெயரில் அடங்கியுள்ளது. இந்நோக்கில் தமிழில் வழங்கும் சில சொற்களை இங்கு ஆராய்வோம்.

I

பழந்தமிழில் ‘ஊழ்’ என்பது முறை, முதிர்வு ஆகிய பொருள்களை உடையது. ‘ஊழ்த்தல்’ என்னும் வினை மலர்தலைக் குறித்துத் திருக்குறளிலேயே வந்துள்ளது. மலர் விரிவது எவர் கருத்தாலும் அன்று. ஆயினும் அது காரணமின்றி நிகழ்வதுமன்று. இச்சொல்லே முன்வினைப் பயனைக் குறிக்கலானபோது, துன்புறுவோனே துன்பத்திற்குப் பொறுப்பாளி ஆயினான். எனினும் இக்கருத்து எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. ஊழின் வலிமையை 38 ஆம் அதிகாரத்திற் கூறும் குறள், 62 ஆம் அதிகாரத்தில் தளரா முயற்சி அதனையும் வெல்லும் என்கின்றது. ஆசீவகரின் நியதிக் கொள்கை மணிமேகலையிலும் நீலகேசியிலும் விவாதத்திற்கு உள்ளாகின்றது.

II

வடமொழியில் காரணமற்ற நிகழ்ச்சியைச் சுட்டும் சொல் ‘யத்ருச்சா’ என்பதாகும். உலகின் மூலகாரணம் யாதென வினவும் சுவேதாசுவதர உபநிடதம் காலம், இயல்பு, நியதி என்பவற்றோடு இதனையும் எண்ணுகின்றது. ‘யதேச்சை’ என்பதோ வேறு சொல்; விரும்பியவாறு என்பதே அதன் பொருள். ஆயின் தமிழில் ‘எதேச்சையாக’ என்றால் விருப்பின்றி நேர்ந்தது என்றே கொள்கின்றோம். ஒலியொற்றுமையால் இரண்டும் மயங்கின எனக் கொள்ள இடமுண்டு. அதே சொல் ‘எதேச்சாதிகாரம்’ என்ற தொடரில் ஆள்வோனின் தடையற்ற விருப்பத்தைக் குறித்து நிற்பது மனங்கொள்ளத்தக்கது.

‘தற்செயல்’ என்பதும் இத்தகையதே. தன் + செயல் என்பது சொல்லமைப்பின்படி ஒருவனது சொந்தச் செயலாகும். சைவ சித்தாந்த மரபில் ஆன்மா விட்டொழிக்க வேண்டியது இத்தன்செயலே. இன்றைய வழக்கிலோ அது எவருடைய செயலுமன்று. மேலிருப்போரின் கட்டற்ற விருப்பமும் குருட்டு நிகழ்வும் கீழிருந்து அனுபவிப்போனுக்கு ஒன்றுபோலவே தோன்றும் என்பதை இம்மாற்றங்கள் உணர்த்துகின்றன எனலாம்.

பொதுமக்கள் வழக்கு இதனினும் தெளிவானது. ‘காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது’ என்னும் பழமொழி, வடமொழித் தருக்கத்தில் ‘காகதாலீய நியாயம்’ எனப்படும். உடனிகழ்ச்சியைக் காரணமெனக் கொள்ளாதே என்பதே இதன் எச்சரிக்கை. பழம் விழுந்தது காகத்தால் அன்று; அது முதிர்ந்திருந்தமையால்.

III

‘விபத்து’ வடமொழியிற் ‘சம்பத்து’ என்பதன் எதிர்ச்சொல். கேடு, இடர் என்பனவே அதன் பழம்பொருள். கருதாமல் நேர்ந்த தீங்கு என்ற பொருளில் அது நிலைபெற்றது புகைவண்டியும் ஆலையும் ஆங்கிலச் சட்டமும் வந்த சூழலிலேயாகும். பிரித்தானியாவின் 1897 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இவ்வெண்ணக்கருவுக்குப் புதிய உள்ளடக்கம் அளித்தது. இயந்திரச் சக்கரத்தை வலிந்து திருப்பியபோது குடலிறக்கமுற்ற பென்ரன் என்னும் தொழிலாளியின் வழக்கில், அவர் அச்செயலைக் கருதியே செய்தமையால் அது விபத்து அன்று எனக் கீழ்மன்று கூறிற்று. பிரபுக்கள் சபை 1903 இல் அதனை மறுத்தது. செயல் கருதப்பட்டதாயினும் விளைவு கருதப்படாததெனின் அது விபத்தே என மக்னாற்றன் பிரபு விளக்கினார். இலங்கையின் 1934 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும் இவ்வழியிலேயே அமைந்தது. முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்காமலே, தொழிலின் நிமித்தமாகவும் தொழில் செய்கையிலும் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு கோரும் உரிமை பிறந்தது. ஊழ் துன்புற்றோன்மீது சுமத்திய பொறுப்பை, இச்சட்டம் தொழில் நடத்துவோன்மீது மாற்றியது.

ஆயின் அன்றாட வழக்கில் ‘விபத்து’ மீண்டும் விதியின் இடத்தைப் பெற்றுவிடுகின்றது. 2013 ஏப்ரல் 24 இல் வங்காளதேசத்தில் ரானா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். சுவர் வெடிப்புகள் முதல் நாளே காணப்பட்டிருந்தன. எனினும் ஆடைத் தொழிலாளர் மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டனர். அவர்களைக் கொல்ல எவரும் கருதவில்லை என்பது உண்மையாகலாம். கருத்தின்மை காரணமின்மை ஆகாது, பொறுப்பின்மையும் ஆகாது. பனம்பழம் முதிர்ந்திருந்ததை அறிந்தோர் இருந்தனர் என்பதே இங்கு வரலாற்றாசிரியன் பதிவுசெய்ய வேண்டியதாகும்.