கால்டுவெல்லும் அத்தியட்சர் பட்டமும்

தமிழாராய்ச்சி உலகில் கால்டுவெல்லின் பெயர் ‘பிஷப்’ என்னும் அடைமொழியோடே பெரிதும் வழங்கி வருகின்றது. அதனால் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் ஓர் அத்தியட்சரின் ஆக்கம் என்னும் எண்ணம் கற்போர் உள்ளத்தில் எளிதிற் படிகின்றது. ஆண்டு முறையை நோக்கின் அவ்வெண்ணம் பொருந்தாமை புலனாகும்.

அயர்லாந்தில் 1814-இல் பிறந்த இராபர்ட்டு கால்டுவெல், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் பயின்று, இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1838-இல் சென்னைக்கு வந்தார். பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்து, 1841-இல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் பணி தொடங்கினார். ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பு 1856-இலும், பன்னிரு மொழிகளை ஆராயும் இரண்டாம் பதிப்பு 1875-இலும் வெளிவந்தன. அத்தியட்சர் பட்டமோ 1877-இல் கல்கத்தாவில், எட்வர்டு சார்ஜெண்டுக்கும் அவருக்கும் ஒருங்கே அளிக்கப்பெற்றது. முதற்பதிப்புக்கும் பட்டத்துக்கும் இடையே 21 ஆண்டுகள் உள்ளன. ஆகவே அப்பெருநூல் சிற்றூர்க் குருவொருவரின் உழைப்பே என்பது தெளிவு.

அப்பட்டத்தின் அளவும் ஈண்டு அறியத்தக்கது. கால்டுவெல் தனித் திருமண்டலம் ஒன்றன் தலைவராக இருந்தாரல்லர். சென்னை அத்தியட்சர்க்குத் துணைவராக நின்று, எஸ்.பி.ஜி. சங்கத்தின் சபைகளை அவர் கண்காணித்தார், சி.எம்.எஸ். சபைகள் சார்ஜெண்டின் பொறுப்பில் இருந்தன. திருநெல்வேலி தனித் திருமண்டலம் ஆனது 1896-இலேயாம். கால்டுவெல் 1891-இலேயே கொடைக்கானலில் மறைந்து, இடையன்குடியில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் அத்தியட்சராய் இருந்த காலத்துப் பெருநூல், 1881-இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட வரலாறே.

இவ்வாராய்ச்சி புகழ் ஒன்றனையே கருதியதன்று. 1849-இல் அவர் நாடார் சமுதாயத்தைப் பற்றி எழுதிய சிறுநூல் அம்மக்களை இழித்துரைத்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பு, அவர் அத்தியட்சரான பின்னரும் தணியவில்லை. எழுதிய நாளில் அவர் இடையன்குடிக்கு வந்து பத்தாண்டும் நிரம்பவில்லை. பிற்காலப் பட்டத்தை முன்னோக்கி ஏற்றி நூல்களைப் படிப்போமாயின், ஒப்பிலக்கணத்தின் சான்று வலிமையைப் பதவியின் வலிமையென மயங்குவோம். சிறுநூலின் பிழையையும் முதிர்ந்த அறிஞரின் தீர்ப்பென மயங்குவோம். பதவி முன்னதற்குப் பெருமை சேர்ப்பதுமன்று, பின்னதற்கு அரணாவதுமன்று. நூல் ஒவ்வொன்றையும் அதன் ஆண்டோடும், ஆசிரியர் அன்று நின்ற நிலையோடும், அவர் காட்டும் சான்றோடும் பொருத்திக் காண்டலே வரலாற்று நெறி என்பது எம் துணிபு.