பட்டறிவு

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடம் ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்துகளில் டிப்ளமோ முடித்த பிள்ளைகளும் பள்ளிப்படிப்போடு நின்றுவிட்ட மூத்த தொழிலாளர்களும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். எந்திரத்தின் ஓசை மாறியதுமே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும் மூத்தவரின் திறமைக்குப் பட்டறிவு என்று பெயர்.

படு என்னும் வினையின் எச்சம் ‘பட்டு’. பட்டு அறிவது பட்டறிவு. ‘படு’ வியப்பூட்டும் வினை. கல் காலில் படுகிறது, வெயில் மேலே படுகிறது, ஆள் கண்ணில் படுகிறார், துன்பம் படுகிறோம். கடைசியில், ‘எனக்கு அப்படித்தான் படுகிறது’ என்று கருத்தையே சொல்கிறோம். உடம்பில் தொடங்கி மனம்வரை ஒரே சொல் வருகிறது! பாடு, பாடுபடு என்பனவும் இதன் கிளைகளே. வடமொழியிலிருந்து வந்த ‘அனுபவம்’ இன்பத்துக்கும் பொருந்தும். பட்டறிவிலோ உழைப்பின் வலி கூடுதலாகத் தெரிகிறது.

பட்டறையில் கற்பதால் பட்டறிவு என்பது பிழை. பட்டறை, அடைகல்லைக் குறிக்கும் ‘பட்டடை’யின் திரிபு, பட்டடை திருக்குறளிலேயே உண்டு.

தொழில் பழக வருபவரை 1961-ஆம் ஆண்டின் சட்டம் ‘அப்ரண்டிஸ்’ என்கிறது; தமிழில் தொழிற்பழகுநர் என்கிறோம். பழகுவது தொடக்கம், பட்டறிவு அதன் விளைச்சல். சான்றிதழ் இல்லாமல் வேலையிலேயே கற்றவர்களைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடு 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அத்தகைய சான்று பெற இப்போது என்ன வழி என்று அவருக்காக விசாரியுங்கள்.