காற்றே துருத்தியான கதை: சமனலவெவ இரும்பு உலைகள்

கூனிமேடு, மரக்காணம் கடற்கரையில் வாழ்பவர்களுக்குக் காற்றின் வேலை நன்றாகவே தெரியும். அங்குள்ள உப்பளங்களில் பாத்தி நீரை வற்ற வைத்து உப்பாக்குவது வெயிலும் காற்றும்தான். ஆனால் அதே காற்று கல்லிலிருந்து இரும்பைப் பிரித்து எடுக்குமா? துருத்தி இல்லாமல், ஊதுவதற்கு ஆள் இல்லாமல், வெறும் பருவக்காற்றை நம்பி எஃகு செய்ய முடியுமா?

முடியும் என்பதற்கு இலங்கையில் சான்று இருக்கிறது. அது தெரியவந்ததற்குக் காரணம், இடிந்து கிடந்த சில மண்சுவர்களை ஒருவர் பொறுமையாக அளந்ததுதான்.

இலங்கையின் தென்பகுதி மலைகளில், பலாங்கொடைக்கு அருகே வளவை கங்கையின் குறுக்கே சமனலவெவ அணை கட்டப்பட்டது. பள்ளத்தாக்கு நீரில் மூழ்குவதற்கு முன்பு அங்கே என்னென்ன பழைய சின்னங்கள் உள்ளன என்று பார்க்கும் தொல்லியல் ஆய்வு 1988-ல் தொடங்கியது. அதில் பணியாற்றியவர் பிரிட்டனைச் சேர்ந்த தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப். இரும்புக் கசடு குவிந்து கிடந்த பல இடங்களை அவர் கண்டார். அவற்றில் 77 இடங்கள் ஒரே மாதிரியானவை. எல்லாமே குன்றுகளின் மேற்குச் சரிவில், மேற்கு நோக்கி அமைந்திருந்தன. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக மோதும் பக்கம் அது!

1990, 1991 ஆண்டுகளில் அகழாய்வு நடந்தது. உலைகள் வட்டமாக இல்லை. அகலவாக்கில் நீண்டு இருந்தன. கல்லும் களிமண்ணும் கலந்து கட்டிய பின்சுவர் வளைவாக நின்றது. முன்சுவரோ எந்த உலையிலும் முழுதாக இல்லை. உடைந்த களிமண் குழாய்கள் மட்டும் சரிவில் சிதறிக் கிடந்தன. காரணம் எளிது. ஒவ்வொரு முறை உருக்கி முடித்ததும் முன்சுவரை உடைத்துத்தான் இரும்பை வெளியே எடுத்திருக்கிறார்கள். அடுத்த முறைக்குப் புதுச் சுவர், புதுக் குழாய்கள். இந்த உலைகளின் காலம் கி.பி. 7 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை என்று கணிக்கப்பட்டது.

காற்றை மட்டும் நம்பிய உலையில் நல்ல இரும்பு வராது என்பதுதான் அதுவரை அறிஞர்கள் பலரின் எண்ணம். காற்று ஒரு நேரம் வீசும், ஒரு நேரம் ஓயும். சூடு சீராக இருக்காது என்றார்கள். வாதத்தால் இதற்குத் தீர்வு இல்லை. அளவுகள் கையில் இருந்ததால் ஜூலெஃப் உலையையே மறுபடி கட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு, கோயில் போன்றவற்றுக்குச் சிறிய மாதிரி செய்து வைத்தால் போதும், வடிவம் புரிந்துவிடும். உலைக்கு அது போதாது. உலையின் அளவைப் பாதியாகக் குறைத்தால் அதன் சுவர்ப் பரப்பு நான்கில் ஒரு பங்காகும். உள்ளே கொள்ளும் கரியோ எட்டில் ஒரு பங்காகிவிடும். கரியின் அளவோடு பார்க்கும்போது வெப்பம் வெளியேறும் பரப்பு இரு மடங்கு! சின்ன உலை சீக்கிரம் சூட்டை இழக்கும். ஆகவே உண்மையான அளவிலேயே, அதே மலைப்பகுதியில், பருவக்காற்று வீசும் காலத்திலேயே 1994-ல் உலை கட்டி மரக்கரியும் இரும்புத்தாதும் இட்டு எரித்துப் பார்த்தார்கள்.

உலை வேலை செய்தது. கிடைத்த உலோகத்தில் கார்பன் மிகுந்த எஃகும் இருந்தது. முடிவுகள் 1996 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியாயின.

ரகசியம் காற்றின் வேகத்தில் மட்டும் இல்லை, சுவரின் அமைப்பிலும் இருந்தது. முன்சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, விளிம்பைத் தாண்டி விரைகிறது. அப்போது சுவருக்குப் பின்னால், உலையின் வாய்க்கு மேல் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் கீழே உள்ள குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. அதாவது காற்று உலையை ஊதுவதோடு, உறிஞ்சவும் செய்கிறது. 2005-ல் வெளியான கணினி ஆய்வும் இதையே காட்டியது.

இதனால் இன்னொரு பழைய செய்திக்கும் பொருள் கிடைத்தது. 9-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல் கிந்தி, வாள்களைப் பற்றி எழுதும்போது சரந்தீபத்து எஃகைக் குறிப்பிடுகிறார். சரந்தீபம் என்பது அரபுகள் இலங்கைக்கு வைத்த பெயர். அதே காலத்தில் எஃகு தரக்கூடிய உலைகள் அந்த மலைச்சரிவுகளில் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன என்பது இன்று தெரிகிறது.

அந்த உலைகளைக் கட்டியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கிலும் இன்று நீர்த்தேக்கம் இருக்கிறது. ஆனால் நீர் ஏறுவதற்குள் எடுத்த அளவுகள் காகிதத்தில் இருக்கின்றன. அந்த அளவுகள் இருக்கும்வரை அவர்களின் உலையை யார் வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம்.